நாலு கோடு நோட்டும் இரண்டு கோடு நோட்டும்

(மரக்காணத்தில் வடிவமைப்பு பயிலும் மாணவர்களும் வாசகர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே வரும் வழியில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வரப்பில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஒரு கண்ணாடிக் குழலை உப்புநீரில் மிதக்கவிட்டுப் பார்த்தார். "இருபது டிகிரி வந்திருக்கு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அந்தக் குழலின் அளவை 1768இல் வகுத்தவர் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். கடல்நீரில் விட்டால் அது 3, 3.5 டிகிரி காட்டும். வெயிலில் காய்ந்து 25ஐ நெருங்கும்போது உப்பு விளையத் தொடங்கும். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பெயர் அளம். இவ்வூர்ப் பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பேரளம்' என்று வருகிறதே, அதே சொல். ஆயிரம் ஆண்டுப் பழைய சொல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு, பிரான்சிலிருந்து வந்த அளவால் அவர் நீரைப் பார்க்கிறார். இரண்டும் அவருக்குத் தொழில்சொல். இரண்டிலும் அவருக்குக் குழப்பமில்லை. ஏனென்றால் இரண்டையும் அவர் பொருளோடு சேர்த்துக் கற்றிருக்கிறார்.

வரைகலை வடிவமைப்பு படிக்க வரும் நம் பிள்ளைகளுக்கு இந்தத் தெளிவு வாய்ப்பதில்லை. முதல் வாரத்திலேயே கெர்னிங், லெடிங், கட்டர், கிரிட், பேஸ்லைன், செரிஃப் என்று சொற்கள் வந்து விழுகின்றன. பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். தமிழில் சொல்ல விரும்புகிறவர்கள் அகராதியைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் போட்டுக்கொள்கிறார்கள். இரண்டுமே போதாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஒரு தொழில்சொல் எந்தப் பொருளைப் பார்த்து வைத்த பெயர் என்று முதலில் தேட வேண்டும். அந்தப் பொருள் நம்மிடமும் இருந்தால், அதற்கு நம்மிடமே ஒரு பெயர் இருக்கக்கூடும். இல்லையென்றால், அந்தச் சொல்லை அளந்துதான் பயன்படுத்த வேண்டும். நம் எழுத்தில் மட்டும் இருக்கிற ஒன்றென்றால், அதன் பெயரை நாம்தான் தேடி எடுக்க வேண்டும்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். சென்னையில் ஓர் அச்சகத்தில் பேஜ்மேக்கர் மென்பொருளில் பக்கம் அமைக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிது. திரையில் ஒரு சின்னப் பெட்டி, அதற்கு மேலே ஓர் ஆங்கிலச் சொல். அதை நான் 'லீடிங்' என்றே படித்தேன். முன்னால் போவது, தலைமை தாங்குவது என்று ஏதோ பொருள் என நினைத்துக்கொண்டேன். ஆங்கிலப் பக்கத்துக்கு என்ன எண் போட்டார்களோ அதையே தமிழ்ப் பக்கத்துக்கும் போட்டேன். அச்சாகி வந்த பக்கத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. மேல் வரியின் 'சு'வும் 'பு'வும் இறங்கி வந்து, கீழ் வரியின் 'வீ'யையும் 'தி'யையும் இடித்துக்கொண்டு நின்றன.

அங்கே ஒரு பழைய கம்பாசிட்டர் இருந்தார். ஈய எழுத்து கோத்துக் கோத்து விரல் நுனி காய்த்துப்போனவர். கணினி வந்த பிறகு மெய்ப்புப் பார்க்கும் வேலையில் இருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. பழைய மரக் கேஸ்கள் அடுக்கிய அறைக்குக் கூட்டிப்போய், ஓர் இழுப்பறையிலிருந்து மெல்லிய ஈயப்பட்டை ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். விரல் நீளம், இரண்டு பாயின்ட் கனம். சில்லென்றிருந்தது. அளவுக்கு மீறிக் கனத்தது.

"தம்பி, நீ அங்க தட்டுற நம்பர் இதுதான். வரிக்கும் வரிக்கும் நடுவுல இதைப் போடுவோம். லெட்டுன்னு சொல்லுவோம். இங்கிலீசுக்கு ஒண்ணு போதும்னா தமிழுக்கு ரெண்டு போடணும். நம்ம எழுத்து மேலயும் கை நீட்டும், கீழயும் கால் நீட்டும்."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, அது 'லீடிங்' இல்லை, 'லெடிங்'. ஈயத்தைக் குறிக்கும் 'லெட்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்று. 'வரி இடைவெளி' என்று தமிழில் நல்ல சொல் இருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள். ஆனால் அந்தப் பட்டை என் கையில் ஏறிய பிறகுதான் அந்த இரண்டு சொற்களும் எனக்குச் சொந்தமாயின.

ஆங்கிலத்தின் அச்சுச் சொற்கள் பெரும்பாலும் இப்படிப் பட்டறையில் பிறந்தவை. பெரிய எழுத்தை 'அப்பர் கேஸ்' என்பது, அந்த எழுத்துகள் மேலே சாய்த்து வைத்த பெட்டியில் இருந்ததால். 'கெர்ன்' என்பது, ஈயக்கட்டையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எழுத்தின் பகுதி. 'ஃபாண்ட்' என்ற சொல் பிரெஞ்சில் உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பெயரை வைத்தவர் உலைக்கு முன்னால் நின்றவர். நாம் அதை 'எழுத்துரு' என்கிறோம். நம் சொல் புழக்கத்துக்கு வந்தபோது உலை அணைந்துவிட்டது; திரையில் தெரிந்தது உருவம் மட்டும்தான். அவரவர் பார்த்ததற்கு அவரவர் பெயர் வைத்தார்கள். இரண்டும் சரியான பெயர்கள்.

நம் முன்னோர்களும் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். கொல்லத்தில் 1578இல் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூல் அச்சானது. தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹல்லேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரிதாக இருந்ததால் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். அந்தப் புதிய தொழிலுக்குத் தமிழில் என்ன பெயர் அமைந்தது? அச்சு. வெல்லத்துக்கு அச்சு உண்டு, முறுக்குக்கு அச்சு உண்டு. ஒரே வடிவத்தை மறுபடி மறுபடி எடுத்துத் தருவது எதுவோ, அது அச்சு. சமையல்கட்டில் இருந்த சொல் அப்படியே எழுந்து அச்சகத்துக்குப் போய் உட்கார்ந்தது. கடல் தாண்டி வந்த கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த அகராதிக் குழுவாலும் தந்திருக்க முடியாது.

இன்னொன்று சொல்கிறேன். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்று போற்றப்படுகிறவர். 247 எழுத்துகளை ஒரு சிறிய விசைப்பலகைக்குள் கொண்டுவர அவர் எழுத்துகளை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. மேல்விலங்கு, புள்ளி போன்ற குறிகளை அடித்தால் பொறியின் வண்டி நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அந்தக் குறிக்குக் கீழே வந்து சேரும். இப்படிப்பட்ட விசையை ஆங்கிலத்தில் 'டெட் கீ' என்பார்கள். அதை நம் தட்டச்சுப் பயிலகங்களில் யாரும் செத்த விசை என்று சொல்லவில்லை. 'நகரா விசை' என்றார்கள். பொறியைப் பார்த்துச் சொன்ன சொல் அது. ஆங்கிலச் சொல்லைவிட நம் சொல் தெளிவாகவே இருக்கிறது.

நண்பர்களே, இனிக் கொஞ்சம் கடினமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பையைத் திறந்து பாருங்கள். ஆங்கிலம் எழுத நாலு கோடு நோட்டு. தமிழ் எழுத இரண்டு கோடு நோட்டு. ஆங்கில வடிவமைப்புப் பாடத்தின் முதல் அத்தியாயம் முழுவதும் அந்த நாலு கோடுதான். நடு இரண்டு கோட்டுக்குள் நிற்கும் எழுத்தின் உயரம் எக்ஸ் ஹைட். மேல் கோட்டுக்கு ஏறுவது அசெண்டர். கீழ்க் கோட்டுக்கு இறங்குவது டிசெண்டர். எழுத்து நிற்கும் கோடு பேஸ்லைன். அருமையான ஒழுங்கு. ஆனால் அது நாலு கோடு நோட்டின் ஒழுங்கு. நம் நோட்டில் கோடு இரண்டுதான். ப, ம, ட எல்லாம் அந்த இரண்டுக்குள் அடங்கும். மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் பெரும்பாலும் உயிர்க்குறிகள்.

அந்தக் குறிகளுக்கு நம்மிடம் பெயர் இல்லையா? ஏராளமாக இருக்கிறது. 'கி'யின் மேலே வளைவது மேல்விலங்கு. 'கீ'யில் அது மேல்விலங்குச்சுழி. 'மு'வின் கீழே கீழ்விலங்கு. 'சு', 'பு' இவற்றில் இறங்குவது இறங்குகீற்று. 'கா'வுக்குத் துணைக்கால், 'கெ'வுக்கு ஒற்றைக்கொம்பு, 'கே'வுக்கு இரட்டைக்கொம்பு, 'கை'க்கு இணைக்கொம்பு. அதையே சங்கிலிக்கொம்பு என்று சொன்ன ஆசிரியர்களும் உண்டு. இந்த இரட்டைக்கொம்பு, இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் நெடிலைக் குறிலிலிருந்து பிரித்துக் காட்டச் செய்த சீர்திருத்தத்தின் பயன். வேற்று நாட்டவர் ஒருவர் தந்த வடிவம். நாம் வைத்த பெயர். இவ்வளவு சொற்களையும் ஒன்றாம் வகுப்பில் சிலேட்டோடு கற்றுவிட்டு, வடிவமைப்புக் கல்லூரிக்குள் நுழையும்போது வாசலில் விட்டுவிட்டுப் போகிறோம். எழுத்தின் உறுப்புகளைப் பற்றிப் பேச வேண்டிய இடமே அந்தக் கல்லூரிதான்.

இத்துடன் நிற்கவில்லை. நம் அக்கம்பக்கத்து மொழிகளையும் பாருங்கள். தெலுங்கில் எழுத்தின் தலையில் இருக்கும் குறி தலகட்டு, அதாவது தலைக்கட்டு. இகரக் குறி குடி, அதாவது கோயில். உகரக் குறி கொம்மு, அதாவது கொம்பு. மலையாளத்தில் இகரக் குறி வள்ளி, அதாவது கொடி; ஒன்றுவிடாமல் அப்படியே ஒப்பிப்பதை 'வள்ளியும் புள்ளியும் விடாமல்' என்று அவர்கள் சொல்வது அதிலிருந்துதான். சிங்களத்தில் எகரக் குறிக்குப் பெயர் கொம்புவ. தமிழ்க் கொம்பும் சிங்களக் கொம்புவவும் எழுத்துக்கு இடப்பக்கம் நின்று எகரம் காட்டும். தெலுங்குக் கொம்மு உகரம் காட்டும். சொல் ஒன்றாக இருக்கிறதே என்று நம்பி உட்கார்ந்தால் பிழை வரும். எழுத்தைப் பார்த்தால்தான் தெளிவு வரும். ஆந்திரக் கடலோரத்திலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் உங்கள் மரக்காணத்தில்தான் முடிகிறது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இரு மொழிக்காரர்களின் கையால் ஓடிய நீர்வழி அது. உப்புப் பொட்டலத்துக்கும் மீன் பெட்டிக்கும் நான்கு மொழியில் உறை வடிவமைக்கப்போகும் நீங்கள், ஆங்கிலச் சொற்களோடு இந்த அண்டை வீட்டுச் சொற்களையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பொருள் நம்மிடம் இல்லாதபோது சொல்லை மட்டும் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு 'இட்டாலிக்' நல்ல சான்று. அது இத்தாலியில் பிறந்ததால் வந்த பெயர். வெனிசில் ஆல்டஸ் மனூத்தியஸ் 1501 வாக்கில் அந்த எழுத்தில் சிறிய நூல்களை அச்சிட்டார். வேகமாக எழுதும் ஒரு கையெழுத்தைப் பார்த்துச் செதுக்கிய தனி எழுத்து அது. நிற்கும் எழுத்தைத் தள்ளிச் சாய்த்தது அல்ல. நாம் 'சாய்வெழுத்து' என்று பெயர்த்தோம். பெயரில் சாய்வு மட்டும் வந்தது, கையெழுத்து வரவில்லை. அதனால் கணினியில் பொத்தானைத் தட்டித் தமிழைச் சாய்க்கிறோம். 'ட'வும் 'ப'வும் தம் செங்கோணத்தை இழந்து, காற்றில் சாய்ந்த வேலி மாதிரி நிற்கின்றன. தமிழில் நூற்பெயரைத் தனித்துக் காட்ட ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறது, தடித்த எழுத்து இருக்கிறது. அவை போதும். சாய்வு வேண்டுமென்றால், தமிழ்க் கையெழுத்து வேகத்தில் எப்படி ஓடுகிறது என்று பார்த்துப் புதிதாக வரைய வேண்டும்.

மொழிபெயர்ப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாராவுக்கும் தமிழில் பத்தி. செய்தித்தாள் பக்கத்தை நெடுக்காகப் பிரிக்கும் 'காலம்' என்ற பகுதிக்கும் பத்தி. "இரண்டாவது பத்தியைச் சுருக்குங்கள்" என்று ஆசிரியர் எழுதியனுப்பினால், வடிவமைப்பாளர் எதைச் சுருக்குவார்? ஒருமுறை நான் காலத்தின் அகலத்தைச் சுருக்கிவிட்டேன். அவர் கேட்டது இரண்டாவது பாராவில் நாலு வரியைக் குறைக்க. பேஸ்லைனுக்கு 'அடிக்கோடு' என்று எழுதினால், படிப்பவர் எழுத்துக்குக் கீழே கோடு இழுக்கச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககத்தின் சொற்குவை போன்ற முயற்சிகள் பெரிய தொண்டு. அவற்றை நாள்தோறும் திறந்து பாருங்கள். ஆனால் குவையிலிருந்து எடுத்த சொல்லை வேலைமேசையில் வைத்துச் சோதிக்க வேண்டியது நம் பொறுப்பு. உப்பைக் குவித்த பிறகும் நாக்கில் வைத்துப் பார்க்கத்தானே செய்கிறோம்.

இந்தக் கடற்கரையில் பயிற்சி வகுப்பு நடத்தியபோது நேர்ந்த இரண்டு காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். காலத்துக்கும் காலத்துக்கும் நடுவே விடும் வெற்றிடத்தை 'கட்டர்' என்பார்கள் என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். உப்பளத்து வேலை செய்யும் குடும்பத்துப் பெண் ஒருத்தி கை தூக்கி, "அதுக்கு அர்த்தம் என்ன சார்?" என்று கேட்டாள். தண்ணீர் ஓடும் சின்னக் கால்வாய் என்றேன். அவள் உடனே காகிதத்தில் நான்கு கட்டம் வரைந்தாள். "இது பாத்தி. இது வரப்பு. நடுவுல போறது வாய்க்கால். இவ்வளவுதானே சார்?" என்றாள். அவள் வரைந்தது, பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கச்சிதமான ஒரு கிரிட். ஆங்கிலேயர் எதைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார்களோ அதை இந்தப் பெண் பிறந்த நாள் முதல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அன்று முதல் என் வகுப்பில் அதற்கு வாய்க்கால் என்றே பெயர்.

அதே வகுப்பில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தபோது ஒரு பையன் 'கேட்டமரான்' என்று ஒரு பெயரைப் படித்தான். பிரியா ரவிச்சந்திரன் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்து வடிவமைத்த எழுத்துரு அது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். "எந்த ஊர்ப் பேருடா அது?" என்று கேட்டேன். இங்கிலீசுப் பேர் என்றான். அவன் தாத்தா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். நம் கரையிலிருந்து போன சொல் ஆங்கிலத்தில் ஊர் சுற்றி, எழுத்துருவின் பெயராகத் திரும்பி வந்து நிற்கிறது. சட்டை மாற்றி வந்ததால் பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. நான் கரும்பலகையில் 'கட்டுமரம்' என்று எழுதியதும் வகுப்பே ஒரு கணம் அமைதியாகிவிட்டது. ஆங்கிலம் சொல்லைக் கடன் வாங்கக் கூச்சப்படவில்லை. நாமும் டிகிரியையும் பிக்செலையும் வாங்கக் கூச்சப்பட வேண்டாம். வாங்கும்போது, நம்மிடம் இருப்பதைத் தொலைக்காமல் இருந்தால் போதும்.

இறுதியாக ஒன்று. பேஸ்லைனுக்குப் பல ஆண்டுகள் நான் நல்ல சொல் தேடினேன். கிடைத்த இடம் ஒரு சுவர். ஊரில் சுவர் எழுதும் பெரியவர் ஒருவர், வெள்ளையடித்த சுவரின் இரண்டு முனையிலும் நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினார். நூலில் தடவியிருந்த நீலப்பொடி சுவரில் நேர்கோடாக விழுந்தது. தன் பேரனிடம் தூரிகையைக் கொடுத்து, "நூலு அடிச்சாச்சு. எழுத்தெல்லாம் நூல் மேல நிக்கணும்டா" என்றார். அவ்வளவுதான். நான் தேடிய சொல் நூல். எழுத்து நிற்கும் கோட்டுக்கு நம் தெருவில் எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது. கேட்கத்தான் ஆளில்லை.

ஆகவே இளம் நண்பர்களே, நாளைக்கே ஓர் இரண்டு கோடு நோட்டு வாங்குங்கள். இடப்பக்கம் நீங்கள் கற்ற அயல்மொழிச் சொல்லை நம் எழுத்தில் எழுதுங்கள். வலப்பக்கம் அது எந்தப் பொருளின் பெயர் என்று எழுதி, முடிந்தால் படம் போடுங்கள். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக விடுங்கள். அந்த வரியை நிரப்ப உங்கள் ஊர் அச்சகத்துப் பழைய கம்பாசிட்டரிடம் போங்கள். சுவர் எழுதுகிறவரிடம் போங்கள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியையிடம் போங்கள். அளத்தில் வேலை செய்யும் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். சில வரிகள் நிரம்பும். சில வரிகள் காலியாகவே இருக்கும். அங்கே வந்த சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. மழை வந்து அளம் மூடுவதற்குள் மறுபடி இங்கே வருகிறேன். அந்த நோட்டுகளைக் கொண்டுவாருங்கள். பக்கம் பக்கமாகச் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.